ஆமையைக் கூட்டிக்கொண்டு வராதே

பிரெஸ்னில்லோ நகரில் கட்டட வேலை பார்க்கும் என் மைத்துனர் சாந்தோஸ் அவர்களுக்கு, மலையிலிருந்து அக்காள் கணவன் மௌரீலியோ வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், தங்கள் அக்காள் இலாரியா, ஆடுகள், கோழிகள் எல்லோரும் நலம். தாங்களும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் எனக்கு எப்படித் தெரியும்? தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டுப் புது எண்ணை எனக்கு மட்டும் தராமல் இருக்கிறீர்கள். உன் பிடில் வாசிப்பைப் பூனைச் சண்டை என்று ஒருவன் திருவிழாவில் வாய் தவறிச் சொன்னால் இத்தனை வருஷம் முகத்தைத் திருப்பிக்கொள்வதா? சரி, அதை விடு. அது பூனைச் சண்டைதான்.

இந்த வருஷம் நம் தெய்வங்களின் பூமியான விரிக்குத்தாவுக்கு யாத்திரை போகிற ஏற்பாடு என் தலையில் விழுந்திருக்கிறது. நம் முன்னோர்கள் அந்தப் பாலைவனம் வரை மாதக்கணக்கில் நடந்தே போய் வந்தார்கள். நானோ வண்டியில் நாலைந்து நாளில் போய்த் திரும்புகிற பயணத்துக்கு வழி தெரியாமல் மண்டை காய்ந்து கிடக்கிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் தெயோதோரோதான். இந்த முறை வழிநடத்துகிறவர் அவர். போன வருஷம் முதல் தடவை வந்தவர்கள் தலைகீழ்ப் பேச்சில் உளறிக் கொட்டி, அந்தப் பூமியின் வாசலிலேயே "பசிக்குது" என்று நேராகச் சொல்லிவிட்டார்களாம். அங்கே போகும்போது எல்லாவற்றையும் மாற்றித்தான் சொல்ல வேண்டும், ஆமாம் என்றால் இல்லை, கிழவன் என்றால் குழந்தை என்பது உனக்கும் எனக்கும் தெரியாததா? ஆனால் அது புறப்பட்ட பிறகு. இவர் ஊரைக் கூட்டி, "இந்தத் தடவ வீட்டுலயே பழகிக்கணும். இன்னிலேருந்து எவனும் நேராப் பேசக் கூடாது. வண்டிக்குப் பேரு ஆமை" என்று அறிவித்துவிட்டார்.

அன்றிலிருந்து என் வீடு வீடாக இல்லை. யாத்திரை விரதம் என்று உப்பும் கிடையாது. உன் அக்காள் சப்பென்ற சோள ரொட்டியைத் தட்டில் போட்டு, "உப்பு தூக்கலா இருக்கா?" என்கிறாள். நான் கண்ணில் நீர் முட்ட, "வாயில வைக்க முடியல, அவ்வளவு உப்பு" என்கிறேன். அதோடு போனால் பரவாயில்லை. அவளுக்கு வலது முழங்கால் வீங்கி, ஆட்டை அவிழ்க்கக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். "வலிக்குதா?" என்று கேட்டால், "வலியா? எனக்கா? மான்குட்டி மாதிரி ஓடலாம் போல இருக்கு" என்கிறாள். இது நேர்ப் பேச்சா, தலைகீழ்ப் பேச்சா? கட்டிய மனைவிக்கு வலிக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் ஒருத்தன் எப்படித் தூங்குவான்? காணிக்கைக்கு வாங்கிய மெழுகுவர்த்திகள் தகரக் கூரைக்கடியில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவள் நாள் கணக்காக உட்கார்ந்து மணி பதித்த சுரைக் குடுவையை நாய் கவ்விக் கடித்து இரண்டு மணிகளைத் தின்றுவிட்டது. தெயோதோரோ பார்த்துவிட்டு, "ரொம்ப நல்ல நாய்" என்றார். நான் நாயைத் துரத்துவதா தடவிக்கொடுப்பதா என்று நின்றேன்.

இதெல்லாம் சில்லறை. தலையில் இடி விழுந்த கதை இனிமேல்தான். நம்மை வருஷா வருஷம் ஏற்றிப்போகிற லாரிக்காரக் கிழவர் போன மழைக்காலத்தில் காலமாகிவிட்டார். இப்போது வண்டி அவர் மகன் ரமீரோ கையில். கிழவருக்கு நம் பேச்சு அத்துபடி, "வராதே" என்றால் விடிவதற்குள் வந்து நிற்பார். அந்த நினைப்பிலேயே நான் கடைத் தொலைபேசியில் ரமீரோவைக் கூப்பிட்டேன். பக்கத்தில் தெயோதோரோ என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் என்ன செய்வேன்?

"தம்பி, வியாழக்கிழமை உங்க ஆமையைக் கூட்டிக்கிட்டு வராதீங்க" என்றேன்.

"என்ன ஆமைங்க?"

"அதான், உங்க அப்பாவோட ஆமை. ரொம்ப மெதுவாப் போகுமே. எங்களுக்கு அது வேணாம். நாங்க யாரும் எங்கயும் போகல."

"நிச்சயமா வேணாமாங்க?"

"நிச்சயமா வேணாம். வந்தீங்கன்னா கோவிச்சுக்குவோம்!"

"சரிங்க. அப்பா வண்டியை இப்படிப் பேசுவீங்கன்னு நான் நினைக்கல" என்று வைத்துவிட்டான். தெயோதோரோ என் முதுகில் தட்டி, "மோசமாப் பேசுன" என்று பாராட்டினார். மறுநாள் ரமீரோ மலையடிவார ஊரான வால்பரைசோவில் ஒரு கல்யாண வாத்தியக் கோஷ்டிக்கு வண்டியை ஒப்புக்கொண்டுவிட்டான் என்று சேதி வந்தது. திரும்பக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறான். ஊரே மூட்டை கட்டி வைத்திருக்கிறது, ஏறுவதற்கு ஆமையும் இல்லை, முயலும் இல்லை.

இந்த இடத்தில் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது என்று இலாரியா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நீ சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாயே, அப்போது உன் அக்காள் இங்கே நம் தீத்தாத்தாவாகிய நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து, என் தம்பி கண் திறந்தால் விரிக்குத்தாவுக்கு மெழுகுவர்த்தியும் குடுவையும் கொண்டு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். நீ கண் திறந்தாய். திறந்து, என்னைத் தவிர எல்லோருடனும் பேசினாய். அடுத்த வருஷம் அவளுக்குக் காய்ச்சல், அதற்கடுத்த வருஷம் முழங்கால். இந்த முறையும் போகவில்லை என்றால் அந்தக் கால் இனி அவளைப் போகவிடாது. வேண்டுதலைத் தீர்க்காமலே செத்துப்போவேனோ என்று அவள் பயப்படுகிறாள். இதை மட்டும் அவள் தலைகீழாகச் சொல்லவில்லை. அடுப்படியில் எனக்கு மட்டும் கேட்கும்படி நேராகவே சொன்னாள்.

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வேண்டியது கல்லும் மணலும் ஏற்றுகிற உன் வண்டிதான், நீ அல்ல. யாராவது ஓட்டுநரிடம் கொடுத்து வியாழக்கிழமைக்குள் அனுப்பு. நீ வந்து சங்கடப்பட வேண்டாம். பிடிலும் வேண்டாம். நீ இல்லாமல் இத்தனை வருஷம் எங்களுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

தீத்தாத்தா உன்னைக் குளிரவிடாமல் காக்கட்டும். மழைத்தாய்மார் உன் வாசல் தேடி வரட்டும். எந்தச் சாரத்தில் ஏறினாலும் கால் வழுக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காளைக் கட்டிய பாவி,
மௌரீலியோ

பின்குறிப்பு: கடிதத்தை இலாரியாவுக்குப் படித்துக் காட்டும்போது (சத்தியத்தை மீறியதற்கு வாங்கிய திட்டை எழுத இடமில்லை) தெயோதோரோவும் வந்து உட்கார்ந்துவிட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, "பேச்சுக்கு ஒரு சட்டம், எழுத்துக்கு ஒரு சட்டமா? கடிதமும் தலைகீழ்தான்" என்கிறார். இதை உன்னிடம் கொண்டுவரப்போகிற பள்ளிக்கூட வாத்தியார் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார், திருத்தி எழுத நேரமில்லை. வேண்டுதலையும் ஆசீர்வாதத்தையும் மட்டும் நேராகப் படிக்க அனுமதி வாங்கிவிட்டேன். இலாரியா, "அந்த வண்டி வேணும், நீ வேணாம்கற எடத்த இன்னொரு தடவ படிங்க" என்றாள். படித்தேன். "அப்ப ஒண்ணும் மாத்த வேணாம், அப்படியே அனுப்புங்க" என்று தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பூனைச் சண்டை என்று எழுதியதையும் மற்றவற்றோடு சேர்த்தே படித்துக்கொள். ஆகவே, சாந்தோஸ், வராதே. ஆமையைக் கூட்டிக்கொண்டு வராதே. பிடிலை மறந்தும் எடுத்து வராதே. நான் உன்னை ஒரு நாளும் தேடியதில்லை.