டோபர்மேன் அண்ணனின் சுத்த ரத்தம்

தன் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாமல், தன் நாயின் கொள்ளுத்தாத்தா பெயரை மட்டும் மனப்பாடமாக ஒப்பிக்கும் மனிதர் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒருவர்தான்: எங்கள் ஜெலாப்பாங் பக்கத்து வீட்டு டோபர்மேன் அண்ணன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பத்தில் பிறந்தவர். நாய் என்று வந்துவிட்டால் மட்டும் ராஜ பரம்பரை.

வெளி ரத்தம் கலக்கக்கூடாதென்று கூடப்பிறந்த ஆண் நாயையும் பெண் நாயையும் ஜோடி சேர்த்தார். இரண்டு குட்டிகள் பிறந்தன.

"சாதா நாயா இது? சுத்த ரத்தம்லா!"

இரண்டு மாதம் வரை நன்றாகத்தான் ஓடின. ஒருநாள் கோழி வாசனைக்குப் பாய்ந்து வந்த ஆண்குட்டியின் பின்னங்கால்கள் மடங்கின. தட்டிலேயே முகம் குப்புற விழுந்தது. அரை நிமிடத்தில் எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் தின்றது. மறுவாரம் பெண்குட்டியும் விழுந்தது. போகப்போக ஒரு சாப்பாட்டுக்கு மூன்று தடவை.

"மயக்கமா அண்ணே?" என்றேன்.

"தியானம்லா. வம்சத்துல ஊறுனது."

காவலுக்கு நாய் தேடி தொழிற்சாலை முதலாளியான ஒரு தவுக்கே வந்தார். அவரைக் கண்ட மகிழ்ச்சியில் இரண்டும் வாலாட்டிக்கொண்டே சரிந்தன. "இது காவல் காக்குமா, இல்லை இதைக் காக்க நான் ஆள் போடணுமா?" என்று மலாயில் கேட்டுவிட்டுப் போனார்.

பிறகுதான் மிருக டாக்டரம்மாவிடம் போனோம். அவர் இறைச்சித் துண்டுகளை வரிசையாக வைத்தார். ஐந்தாவது துண்டை எட்டுவதற்குள் ஆண்குட்டி இரண்டு தடவை விழுந்தது.

"பிறவிக் கோளாறு அண்ணே. சந்தோஷம் வந்தா உடம்பு தொய்ஞ்சி தூக்கம் இழுத்துடும். தாய்கிட்டயும் தகப்பன்கிட்டயும் மறைஞ்சிருந்தது இதுங்ககிட்ட ஒண்ணா சேர்ந்துடுச்சி."

"எங்க ரத்தம் சுத்தம் டாக்டர்!"

"அதான் வினை. வெளி ரத்தம் கலந்திருந்தா அநேகமா வந்திருக்காது. வலி இல்ல. ஒரு வயசுக்கு மேல பெரும்பாலும் மோசமாகாது. பார்த்து வளர்த்தா நல்லா இருக்கும்."

அண்ணன் தொங்கிய முகத்தோடு குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். எனக்கு அது இனிப்பாக இருந்ததை மறைக்கமாட்டேன்.

அன்று மாலையே சித்தியவானிலிருந்து நாய் வளர்க்கும் கூட்டாளி போன் போட்டார். குட்டிகளை ஊசி போட்டு முடித்துவிடு, வெளியே தெரிந்தால் பேர் கெடும் என்றார். பேருக்காகவே வாழ்ந்த மனிதர், சரி என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன்.

"கெட்டா கெடட்டும்லா! புள்ளைங்க சந்தோஷத்துலதானே விழுதுங்க?"

மறுவாரமே தாய்க்கும் தகப்பனுக்கும் குடும்பக் கட்டுப்பாடு நடந்தது. பரம்பரை அத்தோடு சரி.

இப்போது சிமெண்டுத் தரையில் சம்மணமிட்டு, குட்டியின் தாடையை உள்ளங்கையில் தாங்கி, ஒவ்வொரு துண்டாக ஊட்டுகிறார். பெருமையடிப்பது மட்டும் குறையவில்லை. நானும் கிண்டலை நிறுத்தவில்லை. ஆனால் வெளியூர் போகும்போது, ஊட்டிவிடச் சொல்லி வீட்டுச் சாவியை என்னிடம் மட்டும்தான் தருகிறார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.