தாம்பாளம் அனுப்பிய மெயில்கள்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். குற்றாலத்தில் ஐந்தருவிப் பாதையில் சாக்கு விரித்து எண்ணெய் விற்றேன். அதே இடத்தில் கடை கட்டினேன். பின்னால் தைலம் காய்ச்சக் கொட்டகை போட்டேன். அந்தத் தைலத்தை இணையத்தில் ஏற்றி துபாய்க்கும் லண்டனுக்கும் அனுப்பினேன். இவ்வளவையும் ஒரே சீசனில் ஒழித்துக்கட்டக்கூடிய ஆள் பூமியில் ஒருவன்தான். அவன் தாம்பாளம்.

பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. தென்காசியில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் வைத்த தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஊரழைக்கப் போவான். ஒரு வீடு விடமாட்டான். பிறகு கம்ப்யூட்டர் சென்டர் வைத்தான். என் வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்பும் வேலையை அவனிடம் கொடுத்தேன். ராகு காலத்தில் அனுப்ப மாட்டான். திருநீறு பூசாமல் பொத்தானைத் தொட மாட்டான்.

போன ஆனியில் சாரல் விழுந்தது, ஆர்டர் விழவில்லை. மெயில் அனுப்பித் தரும் கம்பெனி எங்கள் கணக்கை நிறுத்திவிட்டது. ஏகப்பட்ட புகாராம். வேண்டாம் என்றவர்களுக்கு மறுபடி அனுப்பக் கூடாது, அனுப்புகிறவர் முழு முகவரி இருக்க வேண்டும் என்பது சட்டமாம். சரியான பதில் சொல்லாவிட்டால் கணக்கை நிரந்தரமாக மூடிவிடுவார்களாம். சீசனுக்கான தைலம் முழுவதும் டின்னில் இருந்தது. பேக்கிங் பெண்கள் என் முகத்தையே பார்த்தார்கள். நேரே தென்காசிக்கு, தாம்பாளத்தின் சென்டருக்குப் போனேன்.

“முகவரின்னு என்னலே போட்ட?”

“குத்தாலத்துல வந்து கேட்டா யாருன்னாலும் சொல்லுவாங்கன்னு போட்டேன். சொல்ல மாட்டாங்களா அண்ணாச்சி?”

“வேண்டாம்னவங்களுக்கு ஏம்லே திரும்ப அனுப்புத?”

“அவங்களுக்குத்தான் முதல்ல அனுப்பணும். கோவிச்சிட்டுப் போன மாமனை விட்டுட்டுக் கல்யாணம் நடத்த முடியுமா?”

“ஏலே, அவங்க மாமன் இல்லலே, கஸ்டமர்!”

அதோடு நிற்கவில்லை. வேண்டாம் என்ற கோயம்புத்தூர் அம்மா ஒருவருக்கு போன் போட்டு, “எங்க மேல என்னம்மா வருத்தம்?” என்று வேறு கேட்டிருக்கிறான். முதல் புகார் அவருடையதாகத்தான் இருக்கும்.

பெயர்களை நீக்கச் சொன்னேன். மவுஸில் வைத்த கையை எடுத்துக்கொண்டான். “பேரை எடுத்தா ஒறவு அத்துப்போச்சுன்னுல்லா அர்த்தம்?”

“வரவேண்டாம்னு கதவைச் சாத்துன வீட்டு வாசல்ல போய் நிக்கது அழைப்பாலே? தொந்தரவுலே!”

அந்தச் சொல் அவனைக் குத்தியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொரு பெயராக நீக்கினான். கதவு எண்ணோடு முகவரி போட்டான். ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்ற பொத்தானைக் கண்ணில் படும்படி வைத்தான். கம்பெனிக்கு நான் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் பதில் எழுதினான். அவர்கள் முடிவு சொல்லும்வரை நான் சோறு இறங்காமல் கிடந்தேன். அவன் காசி விசுவநாதர் கோவிலைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

கணக்கு திறந்தது. மெயில் குறைவாகத்தான் போனது. ஆனால் போன இடத்திலிருந்து ஆர்டர் வந்தது. டின்கள் காலியாயின.

இப்போது டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிகிறான்: “சட்டத்தைப் படிச்சு அண்ணாச்சி யாவாரத்தக் காப்பாத்துனது நாந்தான்.” இது பொய். ‘தொந்தரவு’ என்று புரியவைத்தது நான். பதிலைச் சொன்னது நான். அந்தப் பொத்தான் வேலை செய்கிறதா என்று எனக்கு வந்த மெயிலிலேயே அமுக்கிச் சோதித்ததும் நான்.

சோதித்த மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் நின்றான். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பழம். கண் சிவந்திருந்தது.

“மெயில் அனுப்பக் கூடாதுல்லா, அதான் நேர்ல வந்தேன். எம்மேல என்ன வருத்தம் அண்ணாச்சி?”

கடையைக் காப்பாற்றியது நான்தான் என்று என் பேட்டியைப் போடும் உங்கள் பத்திரிகையில் தெளிவாகப் போடுங்கள். அவன் பெயரையும் போடுங்கள், என் பெயருக்குக் கீழே. விட்டுவிட மட்டும் வேண்டாம், தாங்கமாட்டான்.