குதிரை கிடைத்துவிட்டது

என் தங்கை பெற்ற தங்கக்கட்டி மருமகனுக்குத் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அதைப் பார்த்துப் பொறாமையில் மற்றவர்கள் நலம் குறைந்திருக்கிறார்கள். நீ நலமாயிருப்பது உன் பொறுப்பு.

குதிரை கிடைத்துவிட்டது!

உன் தாத்தா கண்மூடும்போது, "துப்பாக்கி பெரியவனுக்கு, குதிரை சின்னவளுக்கு" என்றார் அல்லவா? அன்றிலிருந்து உன் அம்மா, "எனக்கு வந்த குதிரைய அண்ணன் வித்துத் தின்னுட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லி, என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். நம் வீட்டில் ஆடுகூட நின்றதில்லை என்றால் யார் கேட்டார்கள்? கூடப்பிறந்தவள் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எந்தச் சூரனுக்கும் சோறு இறங்காது. போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது துப்பாக்கியை எடுத்து, பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். எட்டாம் வகுப்பையே இரண்டு தடவை படித்தவன் ஆகையால், இது பீரங்கிக்குத் தம்பி முறை என்று பார்த்ததுமே சொல்லிவிட்டேன். அவர் குழலுக்குள் விளக்கடித்து, "உள்ள திருகு வரி ஓடுதுங்க. குழல் வாய்வழியா வெடிமருந்து கெட்டிக்கிற பழைய ரைஃபிள். சரி, குதிரை எங்க?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க காதுக்கும் வந்துடுச்சா? நான் விக்கலய்யா!" என்று கத்தினேன். "ஐயோ, அடிச்சு மருந்தப் பத்தவைக்கிற வளைஞ்ச இரும்புங்க. அதுக்குப் பேரே குதிரைதான்" என்று படம் போட்டுக் காட்டினார். பார்த்தால், உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் குடை மாட்டுகிற கொக்கி! தாத்தா அன்றைக்கு எதற்கென்று சொல்லாமல் உன் அம்மா கையில் ஓர் இரும்பைக் கொடுத்தாரே, அதேதான். அண்ணனும் தங்கையும் சண்டை வந்தால் சுட்டுக்கொள்ளக் கூடாதென்று ஆளுக்குப் பாதியாகப் பிரித்திருக்கிறார். மகா மூளை, எனக்கு வந்திருப்பதும் அதுதான்.

உன் அப்பாவைப் பிடித்துக் கொக்கியைக் கழற்றச் சொன்னேன். "உங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சா குடைக்குப் பதிலா என்னை மாட்டிடுவா மச்சான்" என்று நடுங்கியபடியே சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். பொருத்தினோம். 'டக்'கென்று உட்கார்ந்தது பார், தெருவே அதிர்ந்தது! எனக்கு மாலையே போட்டிருப்பார்கள், பூக்கடை மூடியிருந்தது.

ஆக, நான் குதிரை தின்னவில்லை. இனி உன் அம்மா "அண்ணே" என்று கூப்பிட்டே ஆகவேண்டும். துப்பாக்கி என் கூடத்துச் சுவரில் முழுசாகத் தொங்கும். நீ வந்தால் தொட்டுப் பார்க்கலாம்.

நீடூழி வாழ்க. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தாய்மாமன்,
துப்பாக்கி நிபுணன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அம்மா கொக்கியைத் தேடிக் கையில் குடையோடு வந்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். "குதிரை இல்லாம இது சுடுமா?" என்றாள். நிபுணன் அல்லவா, "சுடவே சுடாது" என்றேன். "அப்ப முழுசும் என்னுதுதான்" என்று துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். வாசலில் திரும்பி, "அண்ணே, இதை மாட்ட எங்க வீட்ல ஆணி இல்ல. உன் சுவத்துல அடிச்சதப் பிடுங்கிட்டு வா" என்றாள். முதல் வார்த்தை என்ன, கவனித்தாயா? சுத்தியலோடு கிளம்பிவிட்டேன்.