மிஷினுக்குச் சந்தனக் காப்பு

எங்கள் வீட்டில் மிக்ஸிக்கும் வெள்ளிக்கிழமை பொட்டு உண்டு. தண்ணீர் மோட்டாருக்கு உண்டு, கேஸ் அடுப்புக்கு உண்டு, கரண்ட் மீட்டருக்கு இரண்டு உண்டு (பில் குறையாதா என்று ஒரு நப்பாசை). நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பி வெட்டும் மிஷின் ஓட்டுகிறவன். கொஞ்சம் அசந்தால் கையையே கேட்கும் மிஷின் அது. அதைக் கும்பிடாமல் ஒருநாளும் சுவிட்சைத் தொட்டதில்லை. பத்து விரலும் இன்றுவரை முழுசாக இருக்கின்றன. ஆகவே மிஷின் என்றால் எனக்குப் பாதி சாமி. அந்தப் பக்தியால் ஒருமுறை எங்கள் தெருவையே சந்தி சிரிக்க வைத்தேன்.

எங்கள் வீடு கொடுங்கையூரில். மாடி ஏறினால் குப்பைமேடுதான் தெரியும், வேறெதுவும் தெரியாது. அது பற்றிக்கொண்ட நாளில் துணியில் புகை, சோற்றில் புகை, தலையணையில் புகை. என் மகள் பவித்ராவுக்கு அப்போது எட்டு வயது. அவளுக்கு இழுப்பு. ராத்திரியில் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி சத்தம் வரும். படுத்தால் மூச்சு முட்டும் என்று உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில், "பரம்பரையா?" என்பார்கள். (எங்கள் பரம்பரைக்கு வழுக்கை உண்டு, இழுப்பு கிடையாது.) "மேட்டுப் புகைதாங்க" என்றால், "அப்படின்னு யார் சொன்னது?" என்பார்கள். யார் சொன்னது என்று எடுத்துக் காட்ட எங்களிடம் ஒன்றுமில்லை.

அப்போதுதான் நிவேதா வந்தார். குப்பைமேட்டுப் பக்கம் குடியிருக்கிறவர்களின் உடம்பை அந்தப் புகை என்ன செய்கிறது என்று ஆராய்ச்சி செய்யும் கல்லூரிப் பெண். யாருக்கு இருமல், யாருக்கு இழுப்பு என்று வீடுவீடாக ஏறி விசாரித்தார். கடைசியில், காற்றை அளக்க ஒரு மிஷின் வைக்க மாடி வேண்டும் என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் என் கை உயர்ந்துவிட்டது.

டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. ஒரு பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள், பச்சை லைட்.

"இது நம்மள மாதிரியே காத்தை இழுத்து, அதுல எவ்வளவு தூசி, எவ்வளவு புகைன்னு சொல்லும் சார். அதிகாரிங்க வர்ற கூட்டத்துல இதைத்தான் காட்டப்போறோம். பத்திரமா பாத்துக்குங்க" என்றார் நிவேதா.

பத்திரமா என்ற சொல்லை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாளே மாடியில் செருப்புக்குத் தடை போட்டேன். மிளகாய் காயவைக்கத் தடை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் சாம்பிராணி போட்டு முடித்ததும், அந்தத் தூபக்காலை அப்படியே மாடிக்குத் தூக்கிப் போய் மிஷினுக்கு மூன்று சுற்று காட்டுவேன். பிறகு ஆயுதபூஜை வந்தது.

மார்க்கெட்டில் என் வெட்டு மிஷினுக்குச் செய்ததில் ஒன்றுகூடக் குறைக்காமல் இதற்கும் செய்தேன். பூசணிக்காய் உடைத்தேன். சாமந்தி மாலை போட்டேன். எலுமிச்சம்பழம் கட்டினேன்.

என் மனைவி செல்வி படிக்கட்டில் நின்று பார்த்தாள். "இன்னாயா, அது லாரியா? கண்ணு பட்டுடும்னு பழம் கட்டிகினு கீற?"

"சும்மா இரு. எம்பொண்ணுக்காக ஒழைக்கிற மிஷின்."

சந்தனம் பூச வேண்டும். முகம் எது என்று தெரியவில்லை. ஓட்டைகள் இருக்கிற பக்கம்தான் முகமாக இருக்கும், கண்ணும் மூக்கும் வேறு எங்கே போகும் என்று நானாகவே முடிவு செய்து, அந்தப் பக்கம் முழுவதும் கெட்டிச் சந்தனத்தை அப்பினேன். நடுவில் குங்குமம். பார்க்க அம்மன் மாதிரியே இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

சில நாள் கழித்து நிவேதா போன் செய்தார். "சார், மிஷின் நல்லா ஓடுதா? பூஜையிலேர்ந்து எங்க கம்ப்யூட்டர்ல உங்க தெருவுக்குத் தூசியே காட்ட மாட்டேங்குது. கொடைக்கானல்லகூட இவ்வளவு சுத்தமா இருக்காது. என்னமோ சரியில்ல, நாளைக்கு வந்து பாக்கறோம்."

கொடைக்கானல் வரைக்கும்தான் என் காதில் விழுந்தது.

அன்றைக்கே ஒரு பெரிய அண்டா சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெரு முழுக்கக் கொடுத்தேன். "அம்மா கண்ணத் தொறந்துட்டா! நம்ம தெருவுல கொடைக்கானல் காத்து!" என்று வாசல் வாசலாகச் சொன்னேன்.

எதிர்வீட்டு குமார் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பொங்கலை வாயில் போட்டுக்கொண்டே காற்றை மோந்து பார்த்தான். "மாமு, எனக்கு இன்னும் கலீஜாத்தான் நாறுது."

"உன் மூக்கு பழைய மூக்கு. மிஷினே சொல்லுது!"

செல்வி உள்ளேயிருந்து கேட்டாள்: "காத்து சுத்தமா கீதுன்னா, உம்பொண்ணு ஏன்யா இருமிகினே கீறா?"

அவளுக்கும் ஒரு கரண்டி பொங்கல் வைத்தேன்.

மறுநாள் நிவேதாவும் அவருடைய பேராசிரியரும் வந்தார்கள். கொடைக்கானலைப் பார்க்கத் தெருவும் பின்னாலேயே ஏறியது. பேராசிரியர் படிக்கட்டு உச்சியில் அப்படியே நின்றுவிட்டார். மிஷின் முழு அலங்காரத்தில் காட்சி கொடுத்தது. நிவேதா வாடிய மாலையை எடுத்தார். காய்ந்த சந்தனத்தில் ஒரு பொருக்கைப் பெயர்த்தார். உள்ளே ஓட்டை.

"சார்... இது வழியாத்தான் சார் அது மூச்சு விடணும்."

"அடப்பாவி மாமு!" என்றான் குமார். "மூக்கை அடைச்சிட்டு, மூச்சு சூப்பரா கீதுன்னு எங்களுக்குப் பொங்கல் குடுத்தியா?"

மாடியே சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. "இந்தத் தெருவை இனிமே சேர்க்க முடியாது. கூட்டத்துல ஒருத்தர் இதைக் கேட்டா மத்த தெருக் கணக்கும் போயிடும்" என்றார்.

என் சிரிப்பு நின்றது. பவித்ராவுக்காக யாராவது சாட்சி சொல்வதாக இருந்தால் அது அந்தப் பெட்டிதான். அதன் வாயை நானே அடைத்திருக்கிறேன்.

செல்விதான் முன்னால் வந்தாள். "தப்பு பண்ணது இவரு. எம்பொண்ணு இன்னா சார் பண்ணா? அவ மூச்சுல யாரும் சந்தனம் பூசலயே. அந்த மூச்ச வந்து கேளுங்க."

பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். நிவேதா லேப்டாப்பைத் திறந்தார். "சார், அடைபடறதுக்கு முன்னாடி எல்லாம் சரியாத்தான் இருக்கு. மேடு எரிஞ்ச ராத்திரியெல்லாம் தனியாத் தெரியுது பாருங்க. ஆனா..." என்று நெற்றியைச் சுருக்கினார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஏன் திடீர்னு இப்படி ஏறி எறங்குது?"

தெரு மொத்தமும் என்னைப் பார்த்தது. சாம்பிராணிக் கதையைச் சொன்னேன்.

"வீட்டுக்குள்ளயும் போடுவீங்களா?"

"ஆமாம்மா. ஜன்னலெல்லாம் சாத்திட்டு. மேட்டு நாத்தம் உள்ள வரக்கூடாதில்ல?"

நிவேதா செல்வி பக்கம் திரும்பினார். "அக்கா, பாப்பாவுக்கு இழுப்பு எப்போ அதிகமா வரும்?"

"மேடு எரிஞ்சா என்னிக்கும் வரும்." என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எரியாத வாரத்துல... வெள்ளிக்கிழமை ராத்திரி வரும்."

குழந்தையைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டே அவள் மூச்சுக்குள் புகையைத் தள்ளியிருக்கிறேன்.

நிவேதா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மேட்டுப் புகையை நிறுத்த நாளாகும் சார். அதுக்குத்தான் இவ்வளவும். இதை இன்னிக்கே நிறுத்திடலாம்" என்றுதான் சொன்னார்.

பேராசிரியரும் மனம் இறங்கினார். வேறு மிஷின் வைத்து இன்னும் கொஞ்ச நாள் அளக்கலாம், அடைபட்ட நாள்களைத் தள்ளிவிட்டு, ஏன் தள்ளினோம் என்று அறிக்கையில் எழுதிவிடலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: மாடிச் சாவி என்னிடம் இருக்கக் கூடாது. சாவி குமாரிடம் போனது. என் வீட்டு மாடிக்கு நான் போக அவனிடம் அனுமதி கேட்கவேண்டும். "கைய காட்டு மாமு, சந்தனம் கீதா?" என்று சோதனை போட்டுத்தான் விடுவான்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் விளக்கும் பூவும் மட்டும். "புகை இல்லம்மா, கோச்சுக்காத" என்றேன்.

"அம்மாவுக்கும் இப்பத்தான் மூச்சே வந்துருக்கும்" என்றாள் செல்வி.

கூட்டத்தில் எங்கள் தெருக் கணக்கும் காட்டப்பட்டது. அடைபட்ட நாள்களுக்கான காரணத்தை நிவேதா வாசித்தபோது அதிகாரிகளே சிரித்துவிட்டார்கள். மேடு எரிந்த ராத்திரிகளைக் காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. அதன்பிறகு எங்கள் தெருவுக்கு மருத்துவ வண்டி வர ஆரம்பித்தது. அதில் வந்த டாக்டர் பரம்பரையைப் பற்றிக் கேட்கவேயில்லை. பவித்ராவுக்குச் சரியான இன்ஹேலர் பம்பு எழுதிக் கொடுத்து, அதை எப்படி இழுக்க வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். மேட்டிலும் குப்பையைத் தோண்டித் தரம் பிரிக்கிறார்கள். நாற்றம் இன்னும் போகவில்லை. ஆனால் மாடியிலிருந்து பார்த்தால் முன்பு தெரியாத ஒரு துண்டு வானம் தெரிகிறது.

எங்கள் தெருவில் இன்றைக்கும் யாருக்காவது சளி பிடித்து மூக்கடைத்தால், "இன்னா, சேகர் சந்தனம் வச்சிட்டானா?" என்றுதான் கேட்பார்கள். (சேகர் அடியேன்.) காரணம் தெரியாமல் புதிதாகக் குடிவந்தவர்கள்கூடச் சொல்கிறார்கள்.

போன வாரம் பவித்ரா பள்ளியிலிருந்து தும்மிக்கொண்டே வந்தாள். "நைனா, சந்தனம் வச்சிட்ட போல" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினாள். பயத்தில் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். விசில் இல்லை. வெறும் சளிதான். அன்று ராத்திரி அவள் கால் நீட்டிப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி குறட்டை விட்டாள்.

"உம்பொண்ணு தூங்க விடமாட்டேங்கறாயா" என்றாள் செல்வி.

"குறட்டைதானே, விடட்டும்" என்றேன். இரண்டு பேரும் வெகுநேரம் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தோம்.