ஒரு முடிச்சு மாப்பிள்ளை

பேஜரைக் கண்டுபிடித்த மகராசன் மட்டும் என் கையில் கிடைத்தால், அவன் இடுப்பில் நாலு பேஜரைக் கட்டிவிட்டுத்தான் மறுவேலை. தொண்ணூறுகளில் தி.நகரில் ஒரு அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தேன். அவை படுத்துவிட்டால் என் இடுப்பில் பேஜர் அதிரும். 'சிஸ்டம் டவுன். உடனே வா' என்று மேனேஜரின் செய்தி வரும். ஒருமுறை கவனிக்காமல் விட்டதற்கு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்லயே இருந்துடு" என்றார். அன்றோடு போனது என் சோறும் தூக்கமும். குளிக்கும்போதுகூட பேஜர் சோப்பு டப்பாவில் இருக்கும். (சோப்பு தரையில் இருக்கும்.)

மயிலாப்பூர் மண்டபம் ஒன்றில் எனக்குக் கல்யாணம். மணமேடை ஏறுமுன் சுமதி அக்கா கையை நீட்டினாள்.

"அந்தச் சனியனை இப்படிக் குடுடா. இன்னிக்கு ஒரு நாளாவது மனுஷனா இரு."

கொடுத்துவிட்டேன்.

எங்கள் வழக்கத்தில் மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையே போடவேண்டும். கெட்டிமேளம் முழங்கியது. மணப்பெண் தேவகி தலைகுனிந்திருந்தாள். முதல் முடிச்சைப் போட்டேன். இடுப்பு அதிர்ந்தது. ஐயோ, வேலை போச்சு! தாலிக்கயிற்றை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டு, மாலையும் கழுத்துமாக மண்டப ஆபீசுக்கு ஓடி போனைப் பிடுங்கி மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"யோவ், இன்னிக்கு உனக்குக் கல்யாணம்தானே?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார். மெசேஜ் வந்துச்சே..."

"நான் ஒண்ணும் அனுப்பலையே! தாலி கட்டிட்டியா இல்லையா?"

"ஒரு முடிச்சு ஆச்சு சார்."

இடுப்பைத் தடவிப் பார்த்தேன். வேட்டி மட்டும்தான் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் அக்கா, கையில் பேஜரோடு.

"டேய், இது என்கிட்டல்ல இருக்கு! நல்ல நேரம் போகுதேன்னு மீதி ரெண்டு முடிச்சையும் நானே போட்டுட்டேன். எழுந்து வா."

எப்படி எழுவேன்? இல்லாத பேஜர் அதிர்கிறது என்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அங்கவஸ்திரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். போட்டோகிராபர் அதையும் எடுத்தான்.

பேஜர் ஒழிந்து செல்போன் வந்தது. அது மேஜைமேல் கிடக்கும்போதே என் சட்டைப்பை அதிர்கிறது. நான் நெஞ்சைத் தட்டிப் பார்த்தால் போதும், தேவகி ஆரம்பித்துவிடுவாள்.

"நீங்க போட்டது ஒரு முடிச்சு. அதுக்குக் காபி குடுத்தாச்சு. சோறு வேணும்னா மீதி ரெண்டைப் போட்டவங்ககிட்டப் போய்க் கேளுங்க."

அக்கா வீடு அபிராமபுரத்தில். பலமுறை போய்ச் சாப்பிட்டிருக்கிறேன்.