மலைப்பாதையின் கடைசித் திருப்பம்

ஒகிதா கதவைத் திறந்தபோது, கீழ்வீட்டு குவபாரா ஏற்கெனவே இடுப்பு வரை குனிந்து நின்றார். பெரிய விஷயமில்லை, மேலே தினமும் யாரோ அரிசி மூட்டை உருட்டுகிற மாதிரி சத்தம், அவ்வளவுதான் என்றார். ஒசாகாவில் இத்தனை பணிவாகப் பேசினால் மனிதர் கொதித்துப்போயிருக்கிறார் என்று அர்த்தம்.

குற்றவாளி யாரென்று ஒகிதா யோசிக்கவே இல்லை. மனைவி சதோகோ போன மாதம், கையில் பிடித்து வீசி ஆடுகிற வீடியோ கேம் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கியிருந்தாள். அவர் வேலையிலிருந்து வருவதற்குள் அதில் டென்னிஸ் ஆடி முடித்துவிடுவாள்.

ஒகிதா பட்டன் கன்ட்ரோலர் ஆசாமி. காலேஜ் நாளிலிருந்து ஒரே கன்ட்ரோலர். கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து எழுத்தெல்லாம் போய்விட்டது. அதோடு தரையில் சம்மணம் போட்டு, மலைப்பாதை கார் ரேஸில் இறங்கினால் உலகம் மறந்துபோகும். கடைசித் திருப்பத்தில் தினமும் பள்ளத்தில் விழுவார் என்பது வேறு விஷயம். வீடியோ கேம் விரலுக்குத்தான், உடம்புக்கில்லை என்பது அவர் கொள்கை.

"எந்தக் கன்ட்ரோலரால சத்தமோ, அது ஞாயித்துக்கிழமை பழைய சாமான் கடைக்குப் போயிடும். இது என் வாக்கு சார்," என்றார், உள்ளே இருந்த மனைவிக்கும் கேட்கும்படி.

"என்னோடதுதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றாள் சதோகோ.

"டென்னிஸை யாராவது உக்காந்துகிட்டு ஆடுவாங்களா?"

சதோகோ வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

ஒகிதா இரக்கமுள்ளவர். தான் உட்காருகிற இடத்திலிருந்த தடித்த கம்பளத்தை உருவி, அவள் ஆடும் இடத்தில் போட்டார். மறுநாளே குவபாரா வந்தார். சத்தம் இப்போது இன்னும் தெளிவாகக் கேட்கிறதாம். ஒகிதா இனிப்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்து, மனைவி சார்பில் மன்னிப்புக் கேட்டார். மனைவி சார்பில் மன்னிப்புக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது.

அடுத்து அவள் கன்ட்ரோலரை செருப்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். டிவி முழுக்க அவர் கைக்கு வந்தது. சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து மலைப்பாதையிலேயே கிடந்தார். இந்தத் தடவை கடைசித் திருப்பம்வரை அவர்தான் முதல். பிறகு வழக்கம்போல் பள்ளம்.

நிமிர்ந்து பார்த்தால் டீ கவிழ்ந்திருந்தது. உட்கார்ந்திருந்த சின்ன மெத்தை சுவரோரம் கிடந்தது. தோள் வேறு வலித்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார்.

வாசல் மணி அடித்தது. ஒகிதா ஒரு கையில் இனிப்புப் பெட்டியும் மறுகையில் சதோகோவின் கன்ட்ரோலருமாக ஓடினார். குவபாரா இனிப்பு வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், இதுதான் அந்தச் சனியன். சொன்ன வாக்கு மாற மாட்டேன், நாளைக்குக் கடையில போட்டுடறேன்."

குவபாரா தர்மசங்கடத்தோடு இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"வீட்டம்மா ஆடறப்போ எங்களுக்கு ஒரு சத்தமும் கேக்காதுங்க, நீங்கதான் அந்தக் கார் உறுமற சத்தத்தோட வலது பக்கம் தொம்முன்னு, இடது பக்கம் தொம்முன்னு சாஞ்சு சாஞ்சு வந்து, அந்தக் கடைசித் திருப்பத்துல தினமும் மல்லாந்து விழறீங்க... அங்க மட்டும் கொஞ்சம் பிரேக் போட்டுப் பாருங்களேன் சார்."