ஐஸ் பெட்டியிலிருந்து எழுந்து நீந்தாத மீன்கள்

மீன் தின்றறியாத ஒருத்தி மீன்வலை வடிவமைக்கக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும். வருடங்கள் ஓடிவிட்டன. இப்போதும் அந்தக் காலையை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, கோபம்தான் வருகிறது. என் மேல் கொஞ்சம், என் முதலாளி மேல் நிறைய. (வீட்டில் மற்ற எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது. அது தனிக் கோபம்.)

நாங்கள் மேல்கோட்டையிலிருந்து வந்து மைசூரில் தங்கிவிட்ட வைஷ்ணவக் குடும்பம். முட்டை என்ற சொல்லையே அம்மா குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள். நான் ஜவுளிப் பொறியியல் படித்துவிட்டு, ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் ஒரு நைலான் வலைக் கம்பெனியில் சேர்ந்தேன். பால்கனிக்குப் புறா வலை, கிரிக்கெட் பயிற்சிக்கு வலை, நாற்றங்காலுக்கு நிழல் வலை. யாருக்கும் பாவம் வராத வேலை. முதலாளி தமிழ் பேசும் எல்லையோர ராமாபுரத்துக்காரர். மங்களூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "புறாவுக்கே வலை போடறோம், மீனுக்குப் போட முடியாதாம்மா?" என்று கேட்டார். அங்கே ஆரம்பித்தது.

படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்கக் கோபம் தலைக்கேறியது. இறாலுக்காகப் படகு இழுத்துப்போகும் வலையில் இறால் மட்டுமா வருகிறது? விரல் நீள மீன் குஞ்சு, இன்னும் வளர வேண்டிய பொடி இறால், நண்டு என்று வழியில் சிக்கியதெல்லாம் வருகிறது. மேலே வருவதற்குள் பெரும்பாலும் செத்துவிடும். அதை மனிதர் யாரும் தின்பதுகூட இல்லை. திரும்பக் கடலில் கொட்டுவார்கள், இல்லையென்றால் தீவனத்துக்கு அரைக்க அனுப்புவார்கள். பிறகு கடலில் மீனே இல்லை என்று புலம்புவார்கள். மீனே தொடாத எனக்கு வயிறு எரிந்தது.

வழி இல்லாமலும் இல்லை. வலையின் வாலில், பிடிபட்டது வந்து சேரும் பையை மடி என்பார்கள். அதன் கண்கள் சாய்சதுரமாக இருப்பதால் இழுக்க இழுக்க இறுகி மூடிக்கொள்ளும். அதையே நேர்ச்சதுரமாகத் திருப்பித் தைத்தால் கண் திறந்தே இருக்கும், பொடி இறால் நழுவிவிடும். மடிக்கு மேற்புறம் ஒரு ஜன்னல் விட்டு, பக்கத்தில் ஒரு சின்ன விளக்கையும் கட்டினால், மீன் குஞ்சுகள் மேலேறி வெளியே நீந்திப் போகும். அந்த அளவுக்கு நீந்த முடியாத பெரிய இறால் உள்ளே தங்கும். இதில் எதுவும் என் கண்டுபிடிப்பு இல்லை. நம் படகுகளுக்கு ஏற்றாற்போல் தைத்துக் கொடுப்பதுதான் என் வேலை.

அதற்கு ஒரு தடவையாவது படகில் போய்ப் பார்க்க வேண்டாமா? மூன்று தடவை கேட்டேன்.

"பொம்பளப் புள்ளயக் கடலுக்கு அனுப்பிப்போட்டு, உங்கப்பாகிட்ட நான் என்னம்மா பதில் சொல்றது?" மூன்று தடவையும் முதலாளி இதையேதான் சொன்னார்.

எனக்குப் பதிலாக விற்பனைப் பிரிவுக் கிரீஷை அனுப்பினார். கரையைத் தாண்டியதும் வாந்தியெடுக்க ஆரம்பித்த கிரீஷ், கரை திரும்பும்வரை அந்த ஒரு காரியத்தை மட்டும் செய்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு செல்ஃபியோடு வந்து சேர்ந்தான். என் கள ஆய்வு என்பது அந்த செல்ஃபிதான்.

இந்த லட்சணத்தில், கடற்கரையிலிருந்து ஆறு படகுக்காரர்கள் எங்கள் கம்பெனிக்கே வந்து வலையைப் பார்ப்பதாக ஏற்பாடு. அவர்களுக்குப் பெரியவர் சங்கரண்ணா. அவர் தலையாட்டினால் ஆறு படகிலும் என் மடி. ஆட்டாவிட்டால் அதை ஷட்டில்காக் வலையாக வெட்டி விற்றுவிடலாம் என்று முதலாளி ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்.

கம்பெனி முற்றத்தில் நீளமான தொட்டி கட்டி, மோட்டார் வைத்துத் தண்ணீரை ஓடவிட்டு, என் மடியைப் பொருத்தினேன். அவர்கள் வருவதற்கு முதல் நாள் ஒத்திகை. எங்கள் வீட்டில் எது கிடைக்குமோ அதை வைத்துத்தானே செய்ய முடியும்? ஊறவைத்த கொண்டைக்கடலை பொடி இறால். குட்டி உருளைக்கிழங்கு பெரிய இறால். கத்தரிக்காய் மீன். மோட்டாரைப் போட்டதும் கடலை கண் வழியே நழுவியது, உருளை மடியில் தங்கியது, கத்தரிக்காய்கள் வரிசையாக மேலேறி, ஜன்னலைக் கண்டுபிடித்து, விளக்குக்குப் பக்கத்தில் ஜம்மென்று வெளியே வந்தன. நான் கைதட்டினேன். கத்தரிக்காய் தண்ணீரில் மிதக்கும் ஜாதி என்பது இத்தனை படித்தவளுக்குத் தோன்றவே இல்லை. (தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

மறுநாள் காலை துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் கடைக்குப் போனேன். ஐஸ் மேல் மீன்கள் படுத்திருந்தன. நண்டையும் இறாலையும் குளிரவைத்து மயக்கி, தூர ஊருக்கு உயிரோடு அனுப்புவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். மீனும் அப்படித்தான் மயங்கிக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாடின கொத்தமல்லியைத் தண்ணீரில் போட்டால் அரை மணியில் நிமிர்ந்துகொள்ளும், இதுவும் நிமிரும். மரக்கறி வீட்டில் பிறந்தவளின் விஞ்ஞானம்.

"ஃப்ரெஷ்தானே?" என்று கேட்டேன். "ஈக பந்தித்தம்மா, ஜீவ இத்தங்கே இதே," இப்போதுதான் வந்தது, உயிர் இருப்பது போலவே இருக்கிறது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். வேறென்ன வேண்டும்?

விழா தொடங்கியது. முதலாளி குத்துவிளக்கு ஏற்றினார், ஆறு பேருக்கும் சால்வை போட்டார், கிரீஷின் கடல் அனுபவத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். வலையைத் தைத்த நான் மைக் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவழியாக என்னைக் கூப்பிட்டார்கள். மீன்களையும் இறால்களையும் தொட்டியில் கொட்டினேன், மோட்டாரைப் போட்டேன். "இப்போது மீன்கள் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து, ஜன்னல் வழியாக நீந்திப் போகும்," என்று கன்னடத்தில் கணீரென்று அறிவித்தேன்.

மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு உருண்டு போய் மடியில் விழுந்தன. அவற்றின் மேல் இறால்கள் விழுந்தன. அவற்றின் மேல் இன்னும் மீன்கள் விழுந்து எல்லாக் கண்களையும் அடைத்தன. தண்ணீர் போக வழியில்லாமல் தொட்டி பொங்கி, முன்வரிசையில் இருந்த முதலாளியின் வெள்ளை வேட்டியை நனைத்தது. விளக்கு மட்டும் சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள்," என்றேன். கொடுத்தார்கள். ஐந்து நிமிடமும் கொடுத்தார்கள்! வலது மூலையில் கிரீஷ் கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

சங்கரண்ணா எழுந்து வந்து தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். மிக மரியாதையாகக் கேட்டார்: "அம்மா, சத்த மீனு ஈஜுத்தா?"

செத்த மீன் நீந்துமா. அந்த நொடியில்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்து, "அய்யமாரு வூட்டுப் புள்ளைங்க, அதுக்கு மீனப் பத்தி என்ன தெரியும்?" என்றார். அவ்வளவுதான். காதெல்லாம் கொதித்தது.

"தெரியாதுதான் சார்! தெரிஞ்சுக்கத்தானே மூணு தடவை கேட்டேன்? போட்டோ எடுக்கறவனை அனுப்பினீங்க, வலை தைக்கறவளை அனுப்பலை. எங்கப்பாகிட்ட என்ன சொல்றதுன்னுதானே உங்களுக்குக் கவலை? இருங்க." போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அத்தனை பேர் முன்னால் அப்பாவைக் கூப்பிட்டேன். "அப்பா, மீன் பிடிக்கிற படகுல நான் கடலுக்குப் போணும். போகட்டுமா?"

ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் வந்தது. "போயிட்டு வாயேன். அதுக்கு ஏன் இப்படிக் கத்தறே? அங்க சாப்பாடு நமக்கு ஒத்துக்காது, புளியோதரை கட்டிண்டு போ."

தமிழ் புரியாத சங்கரண்ணாவுக்கு ஒருவர் விளக்கிச் சொன்னார். அவர் முதலாளியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, அடுத்த வாரம் வா என்றார்.

போனேன். நானும் வாந்தியெடுத்தேன். (கிரீஷைவிடக் குறைவு.) குஞ்சுகள் தப்பிக்கின்றனவா என்று பார்க்க, மடிக்கு வெளியே பொடிக்கண் பை ஒன்றைக் கட்டியிருந்தோம். வலை மேலே வந்தபோது மடியில் பெரிய இறால். வெளிப்பையில் விரல் நீளக் குஞ்சுகளும் பொடி இறாலும் கொத்துக்கொத்தாக. தப்பித்ததை நிரூபிக்கத் தப்பித்தவற்றையே பிடிக்க வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் கோபம் வந்து, துடித்ததையெல்லாம் இரண்டு கையாலும் அள்ளிக் கடலில் போட்டேன். உயிருள்ள மீன் எப்படி நீந்தும் என்று அன்றுதான் பார்த்தேன். சங்கரண்ணா பையை அவிழ்த்துவிட்டு, வெறும் மடியோடு வலையை மறுபடி இறக்கச் சொன்னார்.

அவர் படகும் அவர் தம்பி படகும் இன்றும் என் மடியைத்தான் போடுகின்றன. மற்ற நாலு பேர், "யோச்சனே மாட்தீவி," யோசிக்கிறோம் என்றார்கள்.

என் கல்யாண வரவேற்பில் முதலாளி மேடையேறி, இந்தப் பெண்ணைக் கடலுக்கு அனுப்பியதே நான்தான் என்று மைக்கில் சொன்னார். சொல்லிவிட்டு இறங்கவும் இல்லை. வீடியோ வெளிச்சத்தில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நின்றுகொண்டே இருந்தார். நான் பல்லைக் கடிப்பதைப் பார்த்த அப்பா காதருகே குனிந்தார். "சும்னே இருடி. வெளிச்சம் அடிக்கறது, வழியும் தெறந்திருக்கு. இன்னும் அஞ்சு நிமிஷம் கொடு, நீந்திப் போயிடுவார்." கல்யாண ஆல்பத்தில் நான் சிரித்திருக்கும் ஒரே படம் அதுதான்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எது அசையாமல் கிடந்தாலும் இதுதான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை சோபாவில் கிடக்கும் என் கணவருக்கும் அஞ்சு நிமிஷம், மாநகராட்சியில் தூங்கும் எங்கள் விண்ணப்பத்துக்கும் அஞ்சு நிமிஷம்.

மீன்பிடித் தடைக்காலம் முடியும்போதெல்லாம் அந்த நாலு படகுக்காரர்களுக்கும் நான் போன் செய்கிறேன். யோசிக்கிறோம் என்கிறார்கள். நான் போனைத் தூக்கிப் போடும் சத்தம் கேட்டு, பக்கத்து அறையிலிருந்து அப்பா, "அஞ்சு நிமிஷம் கொடு," என்று சிரிப்பார், அம்மாவும் சிரிப்பாள். இந்த வருடமும் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு, என்னைப் போலவே அவரும் சிரிக்கவில்லை; இந்த மீன்களும் நீந்தப்போவதில்லை என்று அவருக்கும் புரிந்துவிட்டது போலிருக்கிறது.